டர்போ பூஸ்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: எந்தச் சுழியிலிருந்து அளப்பது?

மன்னார்குடி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பற்றிய பாடம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். டர்போ கூட்டித் தரும் அழுத்தமான பூஸ்ட் பிரஷருக்கு ஒரு சொல் வேண்டும். வெற்றிடத்திலிருந்து அளக்கும் அப்சலூட் பிரஷருக்கும் ஒன்று வேண்டும். இரண்டும் ஜோடியாக வந்தால்தான் பயன்.

காரணம் இது. வண்டியில் மாட்டிய பூஸ்ட் மீட்டர் 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) காட்டியது. அதே நேரம், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் மேனிஃபோல்ட் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் 198 கிலோபாஸ்கல். மாணவன் 14-ஐக் கிலோபாஸ்கலாக மாற்றிப் பார்த்தான், 96.5 வந்தது. 'மீட்டர் பழுது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டான். பழுது எதிலும் இல்லை. மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சுழியாக, அதாவது பூஜ்யமாக, வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்கிறது. ஸ்கேனர் வெற்றிடத்தைச் சுழியாக வைத்துச் சொல்கிறது. நம் பக்கத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அதை 96.5 உடன் கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

பூஸ்ட்டுக்கு மிகையழுத்தம், அப்சலூட்டுக்கு முழு அழுத்தம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நல்ல பணி. ஆனால் சொல்லைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, கையிலேயே இருக்கிறது. எரியும் இடத்துக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவிக்குத் தமிழில் துருத்தி என்று பெயர். குறுந்தொகையில் ஏழு ஊருக்குப் பொதுவான உலையின் மிதிதோல் வருகிறதே, அது துருத்திதான். சுவாமிமலைப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் புரியும். ஆகவே டர்போவுக்குச் சுழல்துருத்தி, அது தரும் அழுத்தத்துக்குத் துருத்தியழுத்தம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றின் நடுவே எழும் திட்டுக்கும் துருத்தி என்றுதான் பெயர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி இருக்கிறது. குத்தாலத்துக்குத் தேவாரப் பெயர் திருத்துருத்தி. நீரைத் தள்ளிக்கொண்டு மேலே நிற்பது ஒன்று, காற்றைத் தள்ளி வெளியே விடுவது மற்றொன்று. இரண்டுக்கும் 'துருத்து' என்ற வினைதான் அடி என்பது என் துணிபு. வெளிக்காற்று என்ற மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் அழுத்தம் என்று பார்த்தால், நீங்கள் கேட்கும் சுழிக் கணக்கும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

தஞ்சாவூர், பட்டறை நடத்துபவர்:

ஐயா, திருப்பூந்துருத்தி எனக்குப் பெண் எடுத்த ஊர். இருந்தாலும் பட்டறையில் துருத்தி என்றால் பையன்களுக்குத் தோல்பைதான் ஞாபகம் வரும். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரம். துருத்தி விட்டு விட்டு ஊதும், இது விடாமல் தள்ளும். பூஸ்ட் என்றே எழுதுங்கள். ஹார்வெஸ்டர் ஓட்டுகிறவரும் கார் டிரைவரும் 'பூஸ்ட் வரலை, புகை கக்குது' என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நேர்முகத் தேர்வில் மேனேஜர் பூஸ்ட் என்று கேட்டால் மாணவன் விழிக்கக் கூடாது.

இன்னொன்று, ஆசிரியர் சொன்ன மிகையழுத்தம் வேண்டவே வேண்டாம். ஓவர்பூஸ்ட் என்று தனியாக ஒரு கோளாறு இருக்கிறது. ஸ்கேனரில் பி0234 என்று வரும். அளவுக்கு மேல் காற்று போகிறது என்று பொருள். அண்டர்பூஸ்ட்டுக்கு பி0299. சாதாரண பூஸ்ட்டுக்கே மிகை என்று பெயர் வைத்துவிட்டால், கோளாறுக்கு என்ன வைப்பீர்கள்? மிகைமிகையா?

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

பட்டறை அண்ணன் சொல்வது முக்கியமான தடை. அதோடு 'பிரஷர்' என்றாலே நம் ஊரில் இரத்த அழுத்த நோய்தான். மிகையழுத்தம் என்றால் மாத்திரை ஞாபகம் வருகிறது.

என் முன்மொழிவு ஊட்டழுத்தம். ஊட்டு + அழுத்தம், குற்றியலுகரம் கெட்டு இயல்பாகச் சேர்கிறது. ஓவர்பூஸ்ட் மிகையூட்டம், அண்டர்பூஸ்ட் குறையூட்டம். ஒரே வேரில் மூன்று சொல்லும் கிடைக்கின்றன.

போகிற போக்கில் அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பார்' என்ற அலகு நம் பாரம்தான். காற்றழுத்தம் அளக்கும் கருவியைப் பாரமானி என்று ஏற்கெனவே சொல்கிறோமே. எனவே அதைத் தயக்கமில்லாமல் பாரம் என்றே எழுதலாம்.

திருவாரூர், பொறியாளர்:

பாரத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. பார் என்பது எடையைக் குறிக்கும் 'பாரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு வடமொழியில் உறவு குரு, அதாவது கனமானது என்ற பொருளில் வரும் குரு. பாரம் வேறு குடும்பம், சுமத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். மானி தமிழா வடமொழியா என்ற சண்டையை இதோடு சேர்த்து ஆரம்பிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பூஸ்ட் மீட்டரை அழுத்தமானி என்று விட்டுவிடலாம், வெப்பமானி எல்லாருக்கும் புரிகிறது.

அலகுகளில் மாணவனுக்கு உண்மையில் வேண்டியது மாற்றுக்கணக்கு. 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பி.எஸ்.ஐ. பட்டறையில் 'ஒரு கிலோ பிரஷர்' என்கிறோமே, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அது 0.98 பார். இரண்டு சதவீத வித்தியாசம், பட்டறை வேலைக்கு ஒன்றாகவே கொள்ளலாம். ஜப்பான் மீட்டர்கள் பலவற்றில் இந்தக் கிலோ அலகைத்தான் பார்க்கிறோம்.

மன்னார்குடி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஓவர்பூஸ்ட் தடையை ஏற்கிறேன். மிகையழுத்தத்தைக் கைவிடுகிறேன். ஆனால் ஊட்டழுத்தம் என்ற சொல்லில் சுழி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே. என் கவலை அதுதான், மற்றதெல்லாம் அடுத்தது.

வகுப்பில் மேட்டூரை வைத்து விளக்குகிறேன். அணை நிரம்பினால் செய்தியில் 120 அடி என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் அதே தண்ணீர் 790 அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஒன்று, சுழி இரண்டு. டெல்டாப் பையன்களுக்கு இது உடனே பிடிபடுகிறது. 120-ஐயும் 790-ஐயும் ஒப்பிட்டு 'அணை பழுது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அழுத்தத்துக்கும் அந்தத் தெளிவு வர வேண்டும் என்றால் சொல்லே சொல்லித் தர வேண்டும்.

அழுத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிக்காற்று ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூரிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் டாக்ஸியில், என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போட்டால், ஸ்கேனர் இங்கே 100-ஐ ஒட்டிக் காட்டும், மேலே 78-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டர் இரண்டு இடத்திலும் சுழிதான். மலையில் மீட்டர் அதே 14 காட்டினாலும் என்ஜினுக்குள் போகும் காற்று குறைவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் வசிக்கும் உறுப்பினர்:

எங்கள் பாடநூல்களில் இது அமுக்கம். அழுத்தம் என்று நீங்கள் எழுதுவது விளங்கும், பிழையில்லை. ஆனால் கையேட்டை ஈழத்து மாணவரும் படிக்கக்கூடும் என்றால், முதல் பக்கத்தில் 'அழுத்தம் அல்லது அமுக்கம்' என்று ஒருமுறை குறித்துவிட்டால் நல்லது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அமுக்கம் அழகான சொல், அந்தக் குறிப்பு அவசியம் போடுங்கள்.

தம்பி, முழு அழுத்தம் என்று பிரித்து எழுதினால் தப்பித்தீர்கள். சேர்த்தால் நன்னூல் விதிப்படி முழுவழுத்தம் ஆகும். முழு என்பதில் இருப்பது முற்றியலுகரம், கெடாது, வகர உடம்படுமெய் வரும். பையன் அதை 'முழு வழுத்தம்' என்று படிப்பான். வழுத்துதல் என்றால் போற்றுதல். எந்திரத்தைப் போற்றுவது ஆயுத பூஜைக்குச் சரி, பாடத்துக்கு ஆகாது.

ஊட்டம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது உணவு. பயிருக்கு மேலுரம் போடுவது ஊட்டம். காற்று எப்படி ஊட்டம் ஆகும்?

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

ஆகும் ஐயா. காற்றைக் கூடுதலாகத் தந்தால்தான் கூடுதல் டீசலை எரிக்க முடியும். டர்போ செய்யும் வேலையே அதுதான்.

அப்சலூட்டுக்குத் தனி என்று போடுவோம். அப்சலூட் ஜீரோவைத் தனிச்சுழி என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். தனியழுத்தம் என்றால் பத்தாம் வகுப்பு தாண்டிய மாணவனுக்கு அந்நியமாக இருக்காது, எந்தச் சுழி என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஜோடியில் ஒன்று சுழியைச் சொன்னால் மற்றதைப் பாடத்தில் விளக்கிக்கொள்ளலாம்.

தஞ்சாவூர், பட்டறை நடத்துபவர்:

பெட்ரோல் வண்டியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அதில் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) காற்றுவழிக் கதவான த்ராட்டில் மூடியிருக்கும், முள் சுழிக்குக் கீழே போகும். பல மீட்டர்களில் கீழ்ப்பக்கம் பாதரச அங்குலம், மேல்பக்கம் பி.எஸ்.ஐ. ஒரே முகப்பில் இரண்டு அலகு. 20 அங்குலம் காட்டினால் 20 பி.எஸ்.ஐ. குறைவு என்று பையன் நினைக்கிறான். இரண்டு அங்குலம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ., அதனால் 10 தான் குறைவு. தனியழுத்தக் கணக்கில் 34 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். இந்தக் கீழ்ப்பக்கத்துக்கு என்ன பெயர்? அங்கே ஊட்டவில்லை, உறிஞ்சுகிறது.

அப்புறம் வேஸ்ட்கேட். டர்போவைச் சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்குப் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் கதவு. அதற்கும் சொல் வேண்டும்.

திருவாரூர், பொறியாளர்:

வேஸ்ட்கேட்டுக்குக் கலிங்கு. ஏரியில் மிஞ்சும் நீரை வெளியேற்றும் அமைப்புக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அப்படியே பொருந்துகிறது. இந்த விவாதத்தில் எனக்கு முழு நிறைவு தந்த சொல் இது ஒன்றுதான்.

கீழ்ப்பக்கத்துக்கு வெற்றிடம் என்று எழுதக் கூடாது. அங்கே 34 கிலோபாஸ்கல் காற்று இருக்கிறது, அது வெற்றிடம் இல்லை. குறையழுத்தம் என்று சொல்லலாம்.

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

குறையூட்டம் என்று ஏற்கெனவே அண்டர்பூஸ்ட்டுக்கு வைத்திருக்கிறோம். குறையழுத்தமும் வந்தால் குழப்பும். ஒன்று கோளாறு, மற்றது இயல்பு நிலை.

மன்னார்குடி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

நாளை காலை பக்கங்களை அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் சாய்ந்த பக்கம் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஊட்டழுத்தம், தனியழுத்தம், மிகையூட்டம், குறையூட்டம், கலிங்கு. ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் பட்டறைச் சொல்லையும் தமிழ் எழுத்தில் சேர்த்துத் தருகிறேன், அண்ணன் கேட்டபடி. அமுக்கம் முதல் பக்கத்தில் வரும். மேட்டூர் விளக்கம் படத்தோடு போகிறது. சுழிக்குக் கீழ்ப்பக்கத்துக்குச் சொல் வைக்கவில்லை. 'வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தம்' என்று நீட்டியே எழுதிவிட்டேன்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. கலிங்கை ஏற்ற குழு துருத்தியை ஏன் தள்ளியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டும் நம் மண்ணில் புழங்கும் சொற்கள். அடுத்த பதிப்புக்குமுன் துருத்தியழுத்தத்தை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன். உறிஞ்சும் பக்கத்துக்கும் அதில் இடம் உண்டு, துருத்தி காற்றை உள்ளே இழுக்கவும் செய்யும்.

தஞ்சாவூர், பட்டறை நடத்துபவர்:

ஐயா, காற்றை இழுக்கிற பக்கம், டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரசருக்கு முன்னால். பெட்ரோல் மீட்டரில் முள் கீழே போவது த்ராட்டிலுக்குப் பின்னால். இரண்டும் ஒன்றில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், வண்டியிலேயே காட்டுகிறேன்.