புதுப்பாளையம் வீடு (குடும்பக் குழு)

இரவு 8:10

செல்வம் சித்தப்பா: [படம்]
செல்வம் சித்தப்பா: [ஆடியோ, பலமுறை பகிரப்பட்டது]
செல்வம் சித்தப்பா: பிள்ளை பிடிக்கிறவனாம். நம் தெருவிலேயே. குழந்தைகளை வெளியே விடாதீர்கள்.

உமா சித்தி: ஐயோ, இது நம் வீட்டுத் திண்ணை அல்லவா?

பெரியம்மா: ஆமாம். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். தயிர் சாதம் கொடுத்தேன்.

செல்வம் சித்தப்பா: அண்ணி! சோறு வேறா?

பெரியம்மா: பசி என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பேசுவதுதான் புரியவில்லை.

திவ்யா: நடுவில் ஒரு விஷயம். திருவந்திபுரம் காதுகுத்துக்கு யார் யார்? வேன் சொல்ல வேண்டும்.

கார்த்தி: முகத்தைப் பார்த்தீர்களா, பாதி வெந்திருக்கிறது. அப்படியே ஃபிராங்கன்ஸ்டைன் 😱

மீனா அத்தை: வேனில் எங்கள் வீட்டில் நான்கு பேர்.

கனகா அத்தை: கார்த்தி, ஃபிராங்கன்ஸ்டைன் அந்த உருவத்தின் பெயர் இல்லை, நாவலில் அதைச் செய்தவன் பெயர், கல்லூரி மாணவன். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிப்போனவன். இந்தப் படத்தை எடுத்தது யார்?

பெரியப்பா: தெருமுனையில் நாலைந்து பையன்கள் பைக்கில் நிற்கிறார்கள். இங்கேயே பார்க்கிறார்கள்.

செல்வம் சித்தப்பா: நிற்கட்டும் அண்ணா. நல்லதுதான்.

கனகா அத்தை: என்ன நல்லது செல்வம்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் நடந்தது மறந்துவிட்டதா? சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திதான். 65 வயது அம்மா ஒருவரை ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள்.

உமா சித்தி: ஆமாம் அண்ணி, செய்தியில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.

திவ்யா: கார்த்தி, உன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். வருவாய்தானே?

கார்த்தி: அன்றைக்குப் பரீட்சை.

திவ்யா: தாய்மாமன் இல்லாமல் காது குத்துவதா? அம்மா, இவனைக் கேளுங்கள்.

கனகா அத்தை: அந்தக் கதையையே சொன்னாய் அல்லவா கார்த்தி, முழுதாகக் கேள். மேரி ஷெல்லி அந்த நாவலை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 18 வயது. 1816, ஜெனீவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் அந்த வருடம் கோடையே இல்லை, ஒரே மழை

மீனா அத்தை: அக்கா, இப்போது எரிமலை எதற்கு?

கனகா அத்தை: சரி, விடு. அந்த உருவம் ஆரம்பத்தில் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றது. அவர்களுக்கே சாப்பாடு போதவில்லை என்று தெரிந்ததும் அங்கே திருடித் தின்பதை நிறுத்தியது. இரவில் விறகு வெட்டி வாசலில் போட்டது. பனியை அள்ளி வழி செய்தது. யார் செய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசியது. அவர் ஒரு மனிதரிடம் பேசுவது போலவே பேசினார். அதற்குள் மகன் வந்தான். முகத்தைப் பார்த்தான். தடியால் அடித்தான். அப்புறம் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணைத் தூக்கிக் காப்பாற்றியது. அவளுடன் வந்தவன் துப்பாக்கியால் சுட்டான்.

பெரியம்மா: பாவம்.

உமா சித்தி: ஆனால் அது ஒரு குழந்தையைக் கொல்லும்தானே? சினிமாவில் ஏரியில் தூக்கிப் போடும்.

கனகா அத்தை: நல்ல கேள்வி உமா. 1931 சினிமாவில் பூக்களை மிதக்க விட்டு விளையாடும்போது, அவளும் மிதப்பாள் என்று நினைத்துப் போட்டுவிடும். நாவலில் நடப்பது அதைவிடக் கொடுமை. சின்னப் பையன், இவனுக்கு இன்னும் வெறுக்கத் தெரியாது, கூட வைத்து வளர்க்கலாம் என்று நினைத்துப் பிடிக்கும். அவன் கத்துவான், திட்டுவான். தன்னைச் செய்தவன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் கழுத்தை நெரித்துவிடும். அது கொலைதான். அடிபட்டதால் செய்தது என்று நான் நியாயம் சொல்ல மாட்டேன், கடைசியில் அதுவே தன்னை மன்னிக்கவில்லை.

செல்வம் சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். யாரை நம்புவது?

கனகா அத்தை: அந்தக் கொலைக்கு யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்டினை. பையன் கழுத்தில் இருந்த படம் அவள் உடையில் இருந்தது. அதைப் போட்டது அந்த உருவம். பாதிரியார் மிரட்டி மிரட்டிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். ஃபிராங்கன்ஸ்டைனுக்கு உண்மை தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டான். அவளுக்கு மரண தண்டனை. பிணத்துண்டுகளை ஒட்டி உயிர் கொடுத்ததைக்கூட நான் மன்னிப்பேன். இந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியாது. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், படத்தை எடுத்தது யார்?

8:41

திவ்யா: படத்தின் ஓரத்தில் தெரிவது கார்த்தியின் பைக்.

கார்த்தி: நான் வெறும் படம்தான் அனுப்பினேன். நண்பர்களுக்கு மட்டும். ஆடியோ யாரோ சேர்த்தது.

கனகா அத்தை: நீ செய்து அனுப்பினாய். அது நடந்து ஊருக்குள் போய்விட்டது. இப்போது முனையில் பைக்கில் நிற்கிறது.

உமா சித்தி: பையனை விடுங்கள் அண்ணி. வேண்டுமென்றா செய்தான்?

செல்வம் சித்தப்பா: அக்காவுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் மட்டும் பாடம்.

கனகா அத்தை: யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை, நம் வீட்டுப் பிள்ளை. குஞ்சு சித்தப்பாவை நாம் என்ன செய்தோம்? வெண்புள்ளி ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கொல்லையில் உட்கார வைத்தோம். என் கல்யாணப் பந்தலுக்கு வாழை கட்டியது அவர். ஆல்பத்தில் ஒரு படம் கிடையாது.

பெரியப்பா: கனகா. அது இப்போது வேண்டாம்.

கனகா அத்தை: எப்போதும் வேண்டாம்தான் அண்ணா. சரி. அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

பெரியப்பா: உள்ளேயா? பேத்தி இருக்கிறாள். எனக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது.

பெரியம்மா: ரேழியில் உட்கார வைக்கிறேன். நடுக்கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம்.

மீனா அத்தை: இவர் கேட்கிறார், அந்த ஆள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று.

பெரியம்மா: [ஆடியோ]

பாண்டி மாமா: இது தெலுங்கு. ஏனாமில் வேலை பார்த்தபோது தினம் கேட்டது. போனை அவரிடம் கொடுங்கள்.

திவ்யா: மாமா சூப்பர் 👏

செல்வம் சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

உமா சித்தி: எதை நீக்கினீர்கள்?

9:05

பாண்டி மாமா: பேசிவிட்டேன். காக்கிநாடா பக்கத்துக்காரர். அண்ணன் முதுநகர் துறைமுகத்தில் படகு வேலை செய்கிறாராம், அவரைத் தேடி வந்திருக்கிறார். ரயிலில் பை போய்விட்டது, போனும் அதற்குள். முகத்தில் உள்ளது ஸ்டவ் வெடித்த காயம். பேசும்போது நடுவில் அழுதுவிட்டார். அப்புறம் சோறு போட்ட அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பெரியம்மா: காபி போடுகிறேன்.

செல்வம் சித்தப்பா: அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று எப்படித் தெரியும்?

கனகா அத்தை: தெரியாது. போலீஸ் விசாரிக்கட்டும், அதற்குத்தான் 112. பைக்கில் நிற்கிறவர்கள் விசாரிக்கக் கூடாது.

பெரியப்பா: 112க்குச் சொல்லிவிட்டேன். வருகிறோம் என்றார்கள்.

கனகா அத்தை: கார்த்தி, படம் நீ எடுத்தது என்று தெருக் குழுவில் உன் பெயர் போட்டு எழுது. அவர் யார், எதற்கு வந்தார், அதையும் எழுது. முனையில் நிற்பவர்கள் உன் நண்பர்கள்தானே, நீயே போய்ச் சொல்.

உமா சித்தி: பெயர் எதற்கு? "அந்தச் செய்தி தவறு" என்றால் போதாதா?

கனகா அத்தை: பெயர் இல்லாத செய்தியைத்தான் இவ்வளவு நேரம் எல்லோரும் நம்பினார்கள் உமா. மறுப்புக்காவது ஒரு பெயர் இருக்கட்டும்.

கார்த்தி: போகிறேன் அத்தை. எழுதிக்கொண்டே போகிறேன்.

9:20

பெரியப்பா: இரண்டு பைக் கிளம்பிவிட்டது. ஒன்று இன்னும் நிற்கிறது. கார்த்தி பேசிக்கொண்டிருக்கிறான்.

மீனா அத்தை: காலையில் துறைமுகத்துக்கு யார் கூட்டிப்போவது?

பெரியப்பா: செல்வம், காரை எடுத்து வா.

செல்வம் சித்தப்பா: பார்க்கலாம் அண்ணா.

கனகா அத்தை: எத்தனை மணிக்கு?

செல்வம் சித்தப்பா: ஏழரை. எட்டு.

உமா சித்தி: கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது.

பாண்டி மாமா: நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

திவ்யா: அப்படியானால் வேன் கணக்கை நாளைக்குச் சொல்லுங்கள். கார்த்தி பரீட்சைத் தேதியை யாராவது சரி பாருங்கள், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.