டிசம்பர் 26 நினைவு செபத்தில் "கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை" என்று சொல்லலாமா?

கேள்வி: அன்பியப் பொறுப்பாளர்

எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழு) டிசம்பர் 26 சாயங்காலம் சுனாமி நினைவு செபம். ஒரு வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம். 2004-இல் வேளாங்கண்ணிக் கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் வருகின்றன. "பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, மாதா செய்த புதுமை (அற்புதம்)" என்று ஒருவர் சாட்சி சொல்ல ஆசைப்படுகிறார். சேர்க்கலாமா? எந்த வாசகம் எடுப்பது?

பதில்: உபதேசியார்

அன்றைக்கு அந்தச் சாட்சி வேண்டாம். தண்ணீர் உள்ளே ஏறாதது உண்மை. வெளியே நின்ற நூற்றுக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனதும் உண்மை. அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள்தான். "உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினார்" என்றால், பிள்ளையைக் கடல் பார்க்கக் கூட்டிப்போன தாயின் காதில் "உன் பிள்ளையை விட்டுவிட்டார்" என்றுதான் விழும். நன்றி சொல்ல விரும்புகிறவர் வேறொரு நாள் திருப்பலிக் கருத்து (பூசையில் தன் வேண்டுதலை நினைவுகூரக் கேட்பது) கொடுத்துச் சொல்லட்டும்.

வாசகம் மத்தேயு 2:13-18. 2004 டிசம்பர் 26 ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி மத்தேயு 2:13-15, 19-23. நடுவில் 16-18 கிடையாது. ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்வதும் தன் பிள்ளைகளை இழந்த தாய் இராகேல் அழுவதும் அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கின்றன. அவை 28ஆம் தேதி, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வரும். சுனாமி வந்த ஞாயிறன்று வாசகத்தில் விடுபட்ட அந்தப் பகுதியை நீங்கள் வாசியுங்கள். இராகேல் ஆறுதல் பெற மறுக்கிறார். மத்தேயு அவரைத் திருத்தவில்லை. 18-லேயே நிறுத்திவிட்டு மூன்று நிமிடம் மௌனம். கடிகாரம் பார்த்து விடுங்கள். அரை நிமிடத்திலேயே யாராவது பாட்டெடுத்துவிடுவார்கள், பாடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதில்: மறைக்கல்வி ஆசிரியை

18-இல் நிறுத்துவது சரி, ஆனால் செபம் அங்கே முடியக்கூடாது. சிலர் எரேமியா 31:16-ஐச் சேர்ப்பார்கள், "உன் அழுகையை நிறுத்து" என்று வரும் இடம். அது நாடு கடத்தப்பட்டு உயிரோடு திரும்பப்போகிற பிள்ளைகளைப் பற்றியது, இங்கே பொருந்தாது. மௌனத்துக்குப் பின் யோவான் 11:32-36 வாசியுங்கள். "நீர் இங்கே இருந்திருந்தால்" என்று, இறந்துபோன இலாசரின் சகோதரி மரியா முகத்துக்கு நேராகக் கேட்கிறார். இயேசு கோபிக்கவில்லை, விளக்கமும் தரவில்லை. இன்னும் சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறவர், முதலில் அழுகிறார். உயிர்ப்பு நம்பிக்கை கண்ணீரை அடக்கச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. மறையுரை ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "கடவுளின் சித்தம்", "நல்ல பூவைத்தான் பறிப்பார்" இரண்டையும் தவிருங்கள். "யார் செய்த பாவமோ" என்று எவராவது தொடங்கினால் லூக்கா 13:4 கைவசம் இருக்கட்டும்: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொல்லிவிட்டார்.

பதில்: கோவில்பிள்ளை

மன்றாட்டில் பெயர் வாசிப்பதில்தான் தவறு நடக்கும். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய்ப் பட்டியலைக் காட்டுங்கள். ஞானஸ்நானப் பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். ஒரு பெயருக்கு ஒரு மெழுகுதிரி, அந்த வீட்டாரே ஏற்றட்டும். முற்றத்தில் காற்றடிக்கும், பெயர் சொல்லும்போதே அணைந்தால் மனசு தாங்காது, கண்ணாடிக் கூண்டு வையுங்கள். உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறைத் திருநாளிலும் பூ வைக்க இடமில்லை. அவர்கள் பெயரை முதலில் வாசியுங்கள்.