ஊத்தின ஆயில் எங்கே போச்சு?

தூத்துக்குடி, ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர்:

மீன்பிடித் தடைக்காலம் வந்தா போட்டுக்கு ஓய்வு, எங்களுக்கு வேலை. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். ஐஸ் எடுக்க ஆள் குறைவு, அப்பத்தான் கம்ப்ரஸரைப் பிரிக்க முடியும். இந்தத் தடவை பிரிச்சப்போ, வேலைக்குச் சேர்ந்த புதுசுல பட்ட பாடு ஞாபகம் வந்துச்சு.

அமோனியா கேஸால குளிர வைக்கிற பிளான்ட், பெல்ட்ல ஓடுற பிஸ்டன் கம்ப்ரஸர். ஆயில் மட்டம் காட்டுற சைட் கிளாஸ்ல பாதிக்குக் கீழ இறங்கினா ஊத்தணும், நோட்டுல எழுதணும்னு சொல்லியிருந்தாங்க. ஒழுங்கா ஊத்தினேன், ஒழுங்கா எழுதினேன். தரையில ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, ஆனா உள்ள குறைஞ்சுக்கிட்டே இருக்கு. எரிஞ்சு போகுது போலன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன். லாரிக்காரன் வீட்டுல பிறந்தவன் புத்தி!

கொஞ்ச மாசத்துல, 18 மணி நேரத்துல உறைஞ்ச 50 கிலோ ஐஸ் பார் 22 மணி ஆகியும் நடுவுல தண்ணியா நின்னுச்சு. முதலாளி பாரை உறைய வைக்கிற உப்புத்தண்ணியைக் குறை சொன்னார், நான் கரண்டைக் குறை சொன்னேன்.

வந்த மெக்கானிக் அண்ணாச்சி கம்ப்ரஸர் பக்கமே போகல. நோட்டை வாங்கி ஊத்தின கணக்கைக் கூட்டினார். 46 லிட்டர். "இம்புட்டும் எங்கடே போச்சு?"

கம்ப்ரஸர்ல இருந்து கேஸோட சேர்ந்து கொஞ்சம் ஆயிலும் வெளிய போகத்தான் செய்யும். பெரும்பகுதியை ஆயில் செப்பரேட்டர் பிடிச்சுத் திருப்பி அனுப்பிரும். தப்பினது சிஸ்டம் முழுக்கச் சுத்தும். ஃப்ரியான் கேஸா இருந்தா ஆயில் அதுல கரைஞ்சு திரும்பி வந்துரும். அமோனியாவும் மினரல் ஆயிலும் ஒட்டாது. திரவ அமோனியாவை விட ஆயில் கனம், அதனால உப்புத்தண்ணித் தொட்டியில (பிரைன் டேங்க்) இருக்கிற குளிர் குழாய் அடியில போய் உக்காந்துக்குது. குளிர்ல கூழாகி, குழாய்க்குள்ள கம்பளி போர்த்தின மாதிரி. கீழ அந்த ஆயிலைச் சேர்த்து வடிக்கிற ஆயில் பாட் ஒண்ணு இருந்துச்சு, வால்வு மேல பெயின்ட் காஞ்சு கிடந்தது. எனக்கு முன்னாடி இருந்தவர் பயந்து தொடவே இல்லையாம்.

பயந்ததுல தப்பில்ல. ஆயில் வடிக்கும்போதுதான் அமோனியா ஆளை அடிக்கும். அண்ணாச்சி பாட்டுக்கு வர்ற வால்வை மூடிட்டு, கம்ப்ரஸர் கேஸை இழுக்கிற பக்கமான சக்‌ஷனுக்குப் போற வால்வை மட்டும் திறந்து வச்சார். உள்ள தங்கின அமோனியா கொதிச்சுப் போகணும். பாட் மேல இருந்த பனி உருகி, தொட்டா குளிர் தெரியாத வரைக்கும் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம். அப்புறம் சக்‌ஷன் வால்வையும் மூடிட்டு, கையை எடுத்தா தானா மூடிக்கிற ஸ்பிரிங் வால்வு வழியா மெதுவா வடிச்சார். முகத்துல மாஸ்க், கையில உறை, கதவு விரியத் திறந்து, பக்கத்துல தண்ணி ஹோஸோட நான். கருப்பட்டிக் காப்பி நிறத்துல வந்துச்சு. ஒரு வாரத்துல முப்பது லிட்டருக்கு மேல எடுத்தோம். பார் பழையபடி 18 மணிக்கு வந்துருச்சு. வடிச்சதைத் திரும்ப ஊத்தலாமான்னு கேட்டு, கூட ஒரு திட்டும் வாங்கினேன்.

காசிமேடு:

அண்ணே, எங்க கதை வேற. ஆயில் பிரஷர் குறைஞ்சா மெஷினை நிறுத்துற கட்-அவுட் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ஒருத்தர் அதுக்கு வயர்ல லூப் போட்டு, வேலை செய்யாம பண்ணி விட்டுட்டார். கேஜ்ல 3 கிலோ காட்டுதே, அப்புறம் என்னன்னு நானும் நம்பிட்டேன். சக்‌ஷன் ஒன்றரை கிலோ ஓடுது, கேஜ்ல அதுவும் சேர்ந்துதான் காட்டும். கழிச்சுப் பார்த்தா பேரிங்குக்குப் போறது வெறும் ஒன்றரைதான், எங்க மெஷினுக்கு ரெண்டுக்கு மேல வேணும். ஃபில்டரைக் கழட்டினா உள்ள வெள்ளி மாதிரி மினுமினுன்னு பொடி. பேரிங்ல இருக்க வேண்டிய ஒயிட் மெட்டல்! கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங்குக்கு அனுப்பி, சீசன்ல பத்து நாள் பிளான்ட் மூடிக் கிடந்துச்சு. லூப் போட்டவர் அதுக்குள்ள வேற பிளான்ட்டுக்குப் போயிட்டார்.

ஈரோடு, பால் குளிரூட்டும் நிலையம்:

எங்களது 404ஏ கேஸ், அதுக்கு பி.ஓ.இ-ங்கற செயற்கை ஆயில். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும்ங்க. பாதி டின்னை மூடி போடாம வச்சிருந்து அடுத்த மாசம் ஊத்தாதீங்க. இன்னொண்ணு, ராத்திரி முழுக்க கரண்ட் இல்லேன்னா ஆயிலைச் சூடா வச்சிருக்கிற கிராங்க்கேஸ் ஹீட்டரும் அணைஞ்சிருக்கும், கேஸ் ஆயில்ல கரைஞ்சு நிக்கும். கரண்ட் வந்த உடனே ஸ்டார்ட் பண்ணினா சைட் கிளாஸ்ல சோப்பு நுரையாட்டம் பொங்கும். ஹீட்டரைப் போட்டு, பொறுத்துத்தான் ஓட்டோணும்.

நாகப்பட்டினம்:

தூத்துக்குடி அண்ணாச்சி, அவசரத்துக்கு லாரி இன்ஜின் ஆயில் ஊத்தலாமா? 68 கிரேடு கம்ப்ரஸர் ஆயில் கிடைக்க ரெண்டு நாள் ஆகும்ங்கறாங்க. அப்புறம், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

தூத்துக்குடி:

ஊத்தவே ஊத்தாதீங்க தம்பி. இன்ஜின் ஆயில்ல கலந்திருக்கிற சரக்கு அமோனியாவோட சேர்ந்தா சேறாயிடும். அமோனியாவுக்கு டிஸ்சார்ஜ் சூடு 100 டிகிரியைத் தாண்டும், கம்ப்ரஸர் வால்வு பிளேட்ல கரி வேற பிடிக்கும். ரெண்டு நாள் பிளான்ட்டை நிறுத்தினாலும் பரவாயில்ல.

மாத்துறதுக்கு, உங்க மெஷின் புத்தகத்துல போட்டிருக்கிற மணிக்கணக்கைப் பிடிங்க. நடுவுல நிறம் கறுத்தாலோ ஃபில்டர்ல பொடி தெரிஞ்சாலோ அதுக்கு முன்னாடியே மாத்திருங்க. எங்க நோட்டுல இப்போ ரெண்டு பத்தி: ஊத்தினது, வடிச்சது. மாசக் கடைசியில ரெண்டுக்கும் ரொம்ப தூரம் இருந்தா பாட் வால்வு பக்கம் போவேன்.

மத்த கேள்வியை ஜூன் 15 தாண்டிக் கேளுங்க. போட் கிளம்புறதுக்குள்ள பார் நிறையணும், வால்வு பிளேட் இன்னும் மேசையில கிடக்கு.