100 கிலோ எடை, அகலப் பாதம்: எந்த ரன்னிங் ஷூ எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும்.

எடை 100 கிலோ. வாரம் 25 கி.மீ., முழுக்கத் தார் ரோடு. இப்போதுள்ள ஷூ 400 கி.மீ.-க்குள்ளேயே போய்விட்டது. அடி ரப்பர் தேயவே இல்லை. ஆனால் குதிகால் ஃபோம் அமுங்கி, மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் உட்பக்கம் சாய்ந்து நிற்கிறது. (ரப்பரை மட்டும் பார்த்து ஷூவின் ஆயுளைக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்கவும்.)

கடைகளில் கட்டை விரலால் அழுத்தி "செம சாஃப்ட் சார்" என்று காட்டுவது இந்த எடைக்கு உதவாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்கும். அடிப்பாகம் குறுகலாகவும் ஃபோம் ரொம்ப மென்மையாகவும் இருந்தால் கணுக்கால் ஆடும். அதனால் தேடுவது: அகலமான அடிப்பாகம், கையால் நெரித்தாலும் மடங்காத குதிகால் பகுதி, 2ஈ (2E) அகலம், அதாவது அகலப் பாதத்துக்கான அளவு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம்.

பட்டியலில் இருப்பவை புரூக்ஸ் கோஸ்ட், அசிக்ஸ் ஜெல் கயானோ, ஹோகா பாண்டி. பாண்டி 8-இன் டிராப் (குதிகால் பக்கத்துக்கும் முன்பாதப் பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்) 4 மி.மீ.தான். 10 மி.மீ. பழகிய காலுக்குக் கெண்டைச் சதையிலும் குதிகால் நாணிலும் சுமை கூடுமே என்ற தயக்கம்.

90 கிலோவுக்கு மேல் உள்ளவர்களே, இவற்றில் எது எத்தனை கி.மீ. தாங்கியது? சென்னையில் 2ஈ-யைப் போட்டுப் பார்த்து வாங்க எங்கே முடியும்? பதிலில் உங்கள் எடை, வாரக் கி.மீ., எந்த வெர்ஷன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.