சாவேஜ் 99 ரைஃபிளும் .300 சாவேஜ் தோட்டாவும்: மான் வேட்டைக்கு வாங்கலாமா?

கேள்வி

பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். வயதின் காரணமாக வேட்டையை நிறுத்திவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் தம்முடைய பழைய சாவேஜ் 99 ரைஃபிளை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். குழலில் ‘.300 சாவேஜ்’ என்று பொறித்திருக்கிறது. லீவர் திரும்பும் அச்சருகே ஒரு சிறு வட்டத்துக்குள் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கிறது. மேகசினில் எத்தனை தோட்டா இருக்கிறது என்று காட்டும் பித்தளை எண், இடப்பக்கத் துளையில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. பழைய தோட்டாப் பெட்டிகள் இரண்டையும் சேர்த்தே தருகிறார். எங்கள் மரக்காட்டில் வெள்ளைவால் மானை 150 கெஜத்துக்கு அப்பால் பார்ப்பதே அரிது. இது போதுமா, அல்லது .308 தோட்டாவுக்கான ரைஃபிளைப் புதிதாக வாங்குவது நல்லதா?

பதில்

தோட்டாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 1920இல் வந்த .300 சாவேஜ், 150 கிரெய்ன் (சுமார் பத்து கிராம்) குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,630 அடி வேகத்தில் செலுத்துகிறது. அதே எடைக் குண்டுக்கு .30-30 என்ற பழைய மான் தோட்டா தருவது 2,390 அடிதான். 200 கெஜத்திலும் இதற்கு 1,450 அடி-பவுண்டு அளவில் ஆற்றல் எஞ்சியிருக்கும். மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. நீங்கள் கேட்கும் .308 தோட்டாவே, .300 சாவேஜின் பித்தளைக் கூட்டை வைத்து நடந்த இராணுவச் சோதனைகளிலிருந்து வளர்ந்து 1952இல் வெளிவந்ததுதான். இந்த ரைஃபிளின் மேகசின் சுழல்வகை என்பதால், தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனை அடியில் படும்படி நிற்கும் குழாய் மேகசினில் இடக்கூடாத கூர்முனைக் குண்டுகளையும் இதில் தயங்காமல் இடலாம். 100 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்தால் 200 கெஜத்தில் குண்டு சுமார் ஐந்து அங்குலம் தாழும்.

மற்றொரு பதில்

தோட்டா நல்லதுதான், ஆனால் நீங்கள் வாங்கப்போவது ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியை. லீவர் அருகே நீங்கள் கண்ட ‘எஃப்’ தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் எழுத்து; அந்த வரிசை 1949இல் ‘ஏ’யில் தொடங்கியது, ஆகவே உங்களுடையது 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. முதலில் தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துவிட்டு, தோளில் அணைக்கும் மரக்கட்டை இரும்புடன் சேரும் இடத்தை, மேலும் கீழும், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட் காலப்போக்கில் தளர்ந்தால், ஒவ்வொரு வெடிப்பின் பின்னுதையும் அந்த மெல்லிய மரத்தின் மேல் விழுந்து அதைப் பிளந்துவிடும். 99 வகைக்கு இது பழகிப்போன நோய். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தழும்பு உண்டா, உள்ளே குண்டைச் சுழற்றும் புரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, தோட்டா அமரும் அறையருகே துருக்குழிகள் தென்படுகின்றனவா என்றும் கவனியுங்கள். பழைய பெட்டிகளில் உள்ளதைச் சுடாதீர்கள். முதலில் ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் படியுங்கள்.

கேட்டவர்

நேற்று மாலை அவருடைய வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். குழல் பளிச்சென்றிருந்தது. ஆனால் கட்டையின் மேற்புறத்தில், இரும்பு முடியுமிடத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குத் தலைமயிர் அளவு கோடு ஒன்று ஓடுகிறது. எண்ணெய் ஊறி அது கறுத்திருந்தது. பெட்டிகளில் ஒன்றிலிருந்த தோட்டாக்களின் அடியில் ‘.303 சாவேஜ்’ என்றிருந்தது; அவற்றுக்கு மட்டும் அடிப்பகுதியில் வெளியே துருத்திய விளிம்பு இருக்கிறது.

பதில்

கேட்டது நல்லதாயிற்று. .303 சாவேஜ் முற்றிலும் வேறு தோட்டா. அதன் கூடு நீளமானது, உங்கள் துப்பாக்கியின் அறைக்கு உரியதன்று. அந்தப் பெட்டியை ரைஃபிள் இருக்கும் அலமாரியில்கூட வைக்காதீர்கள். அது சேகரிப்போருக்குப் பயன்படும். விரிசலை ஒரு துப்பாக்கிப் பழுதுநர் கட்டையைக் கழற்றி, பசையூட்டி, போல்ட்டைச் சரியாக இறுக்கித் தரலாம். அதே நாளில் அறையின் ஆழ அளவையும் அளவுக்கட்டையால் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த அளவு மிகுந்திருந்தால் வாங்க வேண்டாம். சரியாக இருந்தால், பழுதுச் செலவை விலையில் கழித்துத் தரும்படி பெரியவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். தொலைநோக்கி பொருத்துவதற்காக இரும்பில் புதிதாகத் துளையிடுவதாக இருந்தால் மட்டும் பொறுத்திருங்கள்: பழைய நிலையிலேயே இருக்கும் 99க்கு உள்ள மதிப்பு அந்தத் துளைகளோடு போய்விடும், உங்கள் 150 கெஜத்துக்கோ இரும்புக் குறியே போதும்.