உதவி: பல்லுக்கொழுக்கட்டைக்கு முன் எந்த லென்ஸ்? (கனன் 1500டி, கையில் 60,000 ரூபா)

கோண்டாவில்_அப்பா
வணக்கம். கையில இருக்கிறது கனன் 1500டி, அதோட வந்த 18-55 கிற் லென்ஸ். மகளுக்கு எட்டு மாதம், முதல் பல்லு எட்டிப் பாக்குது. மூண்டு கிழமையில வீட்டில பல்லுக்கொழுக்கட்டை (முதல் பல்லுக்கு, பிள்ளையின்ர தலையில வெள்ளைத் துணி போட்டுக் கொழுக்கட்டை கொட்டுற சடங்கு). விறாந்தையில பகலில எடுத்தால் படம் நல்லா வருது. ஹோலுக்குள்ள எடுத்தால் ஒண்டில் அசைஞ்சு கிடக்கும், இல்லாட்டி புள்ளி புள்ளியாக் கிடக்கும். கமராவில இருக்கிற பிளாஷை அடிச்சால் பிள்ளை கண்ணை மூடுது, பின்சுவரில கறுப்பு நிழல் விழுது.

கடைசியாக் கெட்ட படத்தின்ர விபரம்: 49 மிமீ, எஃப் 5.6, 1/30 செக்கன், ஐஎஸ்ஓ 3200.

எல்லாரும் 50 மிமீ எஃப் 1.8 வாங்கு எண்டுகினம். ஒருத்தர் 24 மிமீ எண்டுறார். பழசு எண்டாலும் பரவாயில்லை. மச்சான் அடுத்த கிழமை கனடாவில இருந்து வாறார், அவரிட்டயும் சொல்லி விடலாம். எதை வாங்க?

பழைய_ஷட்டர்
விபரம் போட்டதுக்கு நன்றி, பாதி வேலை முடிஞ்சுது. 1/30 செக்கனில தவழுற பிள்ளை அசையத்தான் செய்யும். லென்ஸில இருக்கிற அதிர்வுத் தடுப்பு உங்கட கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பிள்ளையைப் பிடிக்காது.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடத் திறக்கும். எஃப் 5.6 இல இருந்து எஃப் 1.8 க்குப் போனால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். அதே அறை, அதே ஐஎஸ்ஓ (சென்சரின்ர உணர்திறன்), 1/30 க்குப் பதிலா 1/250 கிடைக்கும். எல்லாரும் 50 ஐச் சொல்லுறது இதுக்குத்தான், அது சரியும்தான்.

ஆனா வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. கிற் லென்ஸை 50 இல வைச்சு, வளையம் திரும்பாமல் ரேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ள அதால மட்டும் எடுங்கோ. அடுத்த நாள் 24 இல வைச்சு அதே மாதிரி. ஹோலின்ர நீள அகலத்தையும் அடிக்கணக்கில அளந்து சொல்லுங்கோ.

சுண்டுக்குளி_தமிழ்
இவ்வளவு ஏன் யோசனை? ரம்ரோன் 17-50 எஃப் 2.8 பழசு ஒண்டு எடுங்கோ. எல்லாத்துக்கும் அது ஒண்டே காணும்.

விறாந்தை_வெளிச்சம்
ரம்ரோன் நல்ல லென்ஸ்தான், ஆனால் இவருடைய பிரச்சினைக்கு அது அரை மருந்து. 50 பக்கத்தில் 5.6 க்குப் பதிலாக 2.8, அதாவது நாலு மடங்கு வெளிச்சம். 24 பக்கத்தில் கிற் லென்ஸே எஃப் 4 வரை திறக்கும், அங்கே லாபம் இரண்டு மடங்குதான். கனன் 24 மிமீ எஃப் 2.8 ஐ வாங்கினாலும் இதே கணக்கு. அது சின்னது, தட்டையானது, பைக்குள் போகும், 16 சதமமீற்றர் வரை கிட்டப் போய்ப் பிஞ்சு விரலை எடுக்கலாம். ஆனால் இருட்டுக்கு அது தீர்வில்லை.

தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு வேலை. தினமும் பிள்ளையை எடுப்பது ஒன்று, சடங்கன்று வீடு நிறைய ஆட்களை எடுப்பது மற்றது. முதலாவதுக்கு 50. இரண்டாவதுக்கு 50 உதவாது. எஃப் 1.8 இல் இரண்டு மீற்றர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 11 சதமமீற்றர், ஒன்றரை மீற்றரில் 6 தான். பிள்ளையின் கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால், மடியில் வைத்திருக்கும் அம்மம்மாவின் முகம் மங்கிவிடும். பிறகு "எனக்கு மட்டும் ஏன் பனிமூட்டம்?" என்று கேட்பா.

சடங்குக்குக் கிற் லென்ஸே போதும், வெளிச்சத்தைத்தான் மாற்ற வேண்டும். தலை திரும்பும் பிளாஷ் ஒன்றைக் கமராவின் மேல் பூட்டி, கூரைக்கு அடித்துத் தெறிக்க விடுங்கோ. உங்கள் ஹோல் சீலிங் அடித்ததா, பிளேற்றா (கொங்கிறீற்), வெறும் ஓடா? சுவர் என்ன நிறம்?

கோண்டாவில்_அப்பா
அளந்தன்: 11 அடிக்கு 13 அடி. பிளேற் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு, 10 அடி உயரம். சுவர் மூண்டு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கிளிப்பச்சை (கேக்காதேங்கோ). கிழக்குப் பக்கம் பெரிய யன்னல்.

ரேப் ஒட்டி 50 இல பாத்தன். தாயும் பிள்ளையும் இருக்கிற படம் அழகா வருது. நிக்கிற ஆளை முழுசா எடுக்கச் சுவரோட ஒட்டினாலும் கால் வெட்டுப்படுது.

பழைய_ஷட்டர்
வெட்டுப்படத்தான் செய்யும். 1500டி யின்ர சென்சர் 22.3 மிமீ அகலம். ஐந்தரை அடி ஆளை, மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் விட்டு, கமராவை நிமித்திப் பிடிச்சு எடுக்க 50 க்கு 14 அடி வேணும். 24 க்கு ஏழு அடி காணும். 13 அடி ஹோலில 50 எண்டது கதிரையில இருக்கிற ஆளுக்கும் முகத்துக்கும் மட்டும்தான்.

நான் இதில விறாந்தை அக்காவோட. பழைய 50 ஒண்டு, மிச்சக் காசுக்குப் பழைய பிளாஷ் ஒண்டு. 24 ஐ இப்ப விடுங்கோ.

மச்சானிட்டச் சொல்லுறதெண்டால் ஒரு எச்சரிக்கை. கனன் 50 மிமீ எஃப் 1.8 எஸ்ரிஎம் எண்ட பேரில இரண்டு லென்ஸ் இருக்கு. ஒண்டு இஎஃப், மற்றது ஆர்எஃப். ஆர்எஃப் கண்ணாடியில்லாப் புதுக் கமராவுக்கு (மிரர்லெஸ்), உங்கட 1500டி யில எந்த அடப்ரர் போட்டாலும் வேலை செய்யாது. அவர் கடையில "50 எஃப் 1.8 தாங்கோ" எண்டு கேட்டால் இப்ப எடுத்துக் குடுக்கிறது பெரும்பாலும் ஆர்எஃப் தான். பெட்டியில "இஎஃப்" எண்டு இருக்கோணும். லென்ஸின்ர அடியில சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ். இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். சிவப்புக் கோடு இருந்தால் ஆர்எஃப், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

கோண்டாவில்_அப்பா
நல்ல காலம் கேட்டன். அவர் ஏற்கெனவே ஒரு படம் அனுப்பினவர், பாத்தால் சிவப்புக் கோடு!

பிளாஷ் எது பாக்க?

விறாந்தை_வெளிச்சம்
முதலில் உங்கள் கமராவின் பிளாஷ் பூட்டும் தட்டை உற்றுப் பாருங்கோ. நடுவில் பெரிய வட்ட முனை இருக்கிறதா? 1500டி யில் கனன் அதை எடுத்துவிட்டது. அந்த முனையை மட்டும் நம்பி அடிக்கும் மலிவான மனுவல் பிளாஷ்கள் இதில் எரியவே எரியாது. கடையில் வேறு கமராவில் பூட்டிக் காட்டினால் எரியும், வீட்டுக்குக் கொண்டு வந்தால் செத்துக் கிடக்கும். எனவே கமராவைக் கையோடு கொண்டு போங்கோ. கனனின் சொந்த பிளாஷ், 430இஎக்ஸ் வரிசையில் பழசு ஒன்று, பாதுகாப்பான தெரிவு. வேறு கொம்பனி என்றால் உங்கள் கமராவில் பூட்டி, பத்துத் தரம் அடித்துப் பார்த்த பிறகே காசு.

வாங்கியதும் வைக்க வேண்டிய அளவு: கமரா எம் (மனுவல்) இல், 1/200 செக்கன், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, பிளாஷ் ஒட்டோவில். 1500டி யில் பிளாஷுக்கு சாதாரணமாக 1/200 தான் எல்லை. பிளாஷின் தலையை நேரே மேலே தூக்காமல், சற்றுப் பின்பக்கம் சாய்த்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கூரையில் படவிடுங்கோ. நேரே மேலே போனால் வெளிச்சம் உச்சியில் விழுந்து கண்குழி இருண்டுவிடும். பின்னால் சாய்த்தால் பிள்ளையின் கண்ணிலும் நேரே படாது. கிளிப்பச்சைச் சுவரில் மட்டும் தெறிக்க விடாதேங்கோ, எல்லாருக்கும் மஞ்சள் காமாலைக்கு அடுத்த வருத்தம் வந்த மாதிரி இருக்கும்.

ஓட்டு வீட்டுக்காரருக்கு: சிவப்பு ஓட்டில் தெறித்தால் நிறம் கெடும், பாதி வெளிச்சமும் மேலேயே போய்விடும். வெள்ளைச் சுவரைப் பிடியுங்கோ, அதுவும் இல்லையென்றால் வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் பக்கத்தில் கட்டுங்கோ.

குழுப்படம்: கிற் லென்ஸ் 24 இல், எஃப் 5.6, மூன்று மீற்றர் தூரத்தில் முன்வரிசைக்கு ஃபோக்கஸ். இரண்டு மீற்றரிலிருந்து ஆறு மீற்றர் தாண்டும் வரை எல்லாரும் தெளிவு.

நிக்கோன்_குடும்பம்
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். நிக்கோன் டி3400 க்கு 50 எஃப் 1.8டி மலிவாக் கிடைக்குது, எடுக்கலாமோ?

பழைய_ஷட்டர்
எடுக்காதேங்கோ. டி3400 க்குள்ள ஃபோக்கஸ் மோட்டர் இல்லை, அந்த லென்ஸுக்குள்ளயும் இல்லை. கையால திருப்பிக்கொண்டு தவழுற பிள்ளையைத் துரத்தேலாது. ஏஎஃப்-எஸ் 35 மிமீ எஃப் 1.8ஜி டிஎக்ஸ் பாருங்கோ. 35 எண்டபடியால் சின்ன அறைக்கும் 50 ஐ விட வசதி.

கோண்டாவில்_அப்பா
பழைய 50 எஸ்ரிஎம் ஒண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள பாத்து வைச்சிருக்கிறன். எதைப் பாத்து வாங்க? பூஞ்சணம் எண்டு பயமா இருக்கு.

பழைய_ஷட்டர்
பயப்படத்தான் வேணும். கடற்காத்தும் மாரியும் சேர்ந்த ஊரில தோல் பைக்குள்ள அலுமாரியில கிடந்த லென்ஸுக்குப் பூஞ்சணம் வராட்டித்தான் புதுமை.

லென்ஸைக் கழட்டி இரண்டு பக்க மூடியையும் எடுங்கோ. கனன் லென்ஸ் கமராவில இல்லாத நேரம் முழுசாத் திறந்துதான் இருக்கும், அதால உள்ளுக்குப் பாக்கலாம். போன் ரோச்சை ஒரு பக்கத்தால சரிச்சு அடிச்சு, மற்றப் பக்கத்தால பாருங்கோ. இரண்டு மூண்டு தூசி கிடந்தால் விடுங்கோ, படத்தில தெரியாது. சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டுப் போற வெள்ளை இழை, ஓரத்தில இருந்து உள்ளுக்குப் படருற மங்கல், இரண்டில எது இருந்தாலும் வேண்டாம். துடைச்சுத் தாறன் எண்டு சொன்னாலும் வேண்டாம். பூஞ்சணம் கண்ணாடிப் பூச்சை அரிச்சிருந்தால் துடைச்சும் வடு போகாது.

பிறகு கமராவில பூட்டி எஃப் 1.8 இல ஒரு படம், எஃப் 8 இல ஒரு படம். இரண்டாவதை விடாதேங்கோ. உள்ளுக்கிருக்கிற, வெளிச்சத்தைக் குறைக்கிற இதழ் பழுதெண்டால் 1.8 இல ஒண்டும் காட்டாது, 8 இல "எரர் 01" எண்டு வந்து நிக்கும்.

அடுத்தது ஃபோக்கஸ். மேசையில பேப்பரை விரிச்சு, சரிவாப் பாத்து, நடுப் புள்ளியால ஒரு வரியில ஃபோக்கஸ் வைச்சு எஃப் 1.8 இல ஐந்து படம். ஐந்திலயும் வேற வரிதான் தெளிவா வந்தால், லைவ் வியூவில (பின் திரையில பாத்து) வைச்சுத் திரும்ப எடுங்கோ. லைவ் வியூவில சரி, கண் வைச்சுப் பாக்கிற வியூஃபைண்டரால எடுத்தால் பிழை எண்டால் லென்ஸும் கமராவும் ஒத்துப் போகேல்லை. 1500டி யில அதைத் திருத்துற வசதி இல்லை. வேற ஒண்டு பாருங்கோ.

இந்த 50 க்கெண்டு ஒரு பலவீனம் இருக்கு. கிட்ட ஃபோக்கஸ் வைச்சால் முன் குழாய் வெளியில வரும், கமராவை நிப்பாட்டினாலும் உள்ளுக்குப் போகாது. அப்பிடியே பையில போட்டு இடிபட்டால் இறுகிப் போகும். வாங்கேக்க குழாய் ஆடுதோ, சிக்கிச் சிக்கி வருதோ எண்டு பாருங்கோ. வாங்கினாப் பிறகு, நிப்பாட்ட முதல் தூரத்தில ஒருக்கா ஃபோக்கஸ் வைச்சு உள்ளுக்கு எடுங்கோ. இஎஸ்-68 முன்மறைப்பு (ஹூட்) ஒண்டு போட்டால் இடியும் தாங்கும், பிள்ளையின்ர எச்சில் விரலும் கண்ணாடியில படாது.

விறாந்தை_வெளிச்சம்
வைப்பதற்கு: ரப்பர் விளிம்புள்ள, கிளிப் போட்டு மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. மானி 40 க்கும் 50 க்கும் இடையில் நிற்க வேண்டும். 60 தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கிக் காய வையுங்கோ. அரிசிக்குள் புதைக்காதேங்கோ, மாத்தூசி ஏறும். நீல ஜெல் வீட்டில் பிள்ளைக்குக் கூடாது, செம்மஞ்சள் வகை வாங்குங்கோ, அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கோ. கசூரினா கடற்கரைக்குக் கொண்டு போனால் மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம்.

சுண்டுக்குளி_தமிழ்
நல்லூர்த் தேருக்கு?

விறாந்தை_வெளிச்சம்
கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். தேர் ஓடுவது வெளிவீதியில், காலை வெளிச்சத்தில். தூரத்தில் இருப்பதை எடுக்கும் 55-250 எஸ்ரிஎம் லென்ஸ் பழசு பிறகு சேர்க்கலாம். இப்போது அதற்குக் காசைப் பிரிக்க வேண்டாம்.

கோண்டாவில்_அப்பா
50 உம் 430இஎக்ஸ் 2 உம் வாங்கியாச்சு. பேப்பர் சோதனை சரி. ஒரு பிரச்சினை: கொழுக்கட்டை விழுறதைப் பிடிக்கோணும் எண்டு, பிளாஷ் இல்லாமல் 50 ஆல 1/500 இல சோதிச்சன் (கொழுக்கட்டைக்குப் பதிலா எலுமிச்சம்பழம்). ஒரு படம் மஞ்சள், ஒண்டு இருட்டு, ஒண்டில குறுக்கால கறுப்புப் பட்டை. லென்ஸ் பழுதோ?

பழைய_ஷட்டர்
லென்ஸ் தப்பில்லை, லைற்தான். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தரம் மங்கி எரியும். 1/500 எண்டால் அந்த ஆட்டத்தில ஒரு துண்டைத்தான் பிடிப்பீங்கள், ஒவ்வொரு படத்திலயும் வேற துண்டு. அந்த லைற்றில 1/100 இல, இல்லாட்டி 1/50 இல எடுத்தால் ஒரே மாதிரி வரும். அதுக்கு மேல வேகம் வேணுமெண்டால் லைற்றை நிப்பாட்டிப்போட்டு யன்னல் வெளிச்சம், இல்லாட்டி பிளாஷ்.

கொழுக்கட்டைக்கு பிளாஷ்தான். தலைக்கு மேல ஒரு அடியில இருந்து விழுந்தால் தலையைத் தொடேக்க வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டரை மீற்றர். 1/200 ஷட்டரில அது ஒரு சதமமீற்றருக்கு மேல நகரும். ஆனா அக்கா சொன்ன அளவில அறை வெளிச்சம் படத்தில அநேகமாப் பதியாது, உங்கட பழைய படத்தை விட 25 மடங்குக்கு மேல குறைவு. பதியிறது பிளாஷ் மட்டும், அது எரியிறது ஆயிரத்தில ஒரு பங்கு செக்கன் அளவுக்குத்தான். கொழுக்கட்டை அந்தரத்தில, தேங்காய்ச் சொட்டுப் பல்லோட நிக்கும்.

கோண்டாவில்_அப்பா
எலுமிச்சம்பழம் நிண்டுது! ஆனா இரண்டாவது படம் அடிக்கேக்க பிளாஷ் எரியேல்லை.

விறாந்தை_வெளிச்சம்
ஒரு அடிக்குப் பிறகு அது திரும்ப நிறைய வேண்டும். சிவப்பு லைற் வரும் வரை பொறுங்கோ. திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி நாலு போடுங்கோ, சாதாரண பற்றரியை விடச் சீக்கிரம் நிறையும். இன்னொரு நாலு சட்டைப் பையில் இருக்கட்டும். ஃபோக்கஸை வெள்ளைத் துணியில் வைக்காமல், துணி போடமுன் பிள்ளையின் கண்ணில் வைத்து, லென்ஸை எம்எஃப் (கையால் ஃபோக்கஸ்) க்கு மாற்றிவிடுங்கோ.

கொட்டுபவரிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று தரமாகக் கொட்டச் சொல்லுங்கோ, ஒவ்வொன்றுக்கும் இடையில் உங்கள் தலையசைப்பைப் பார்த்து.