தண்ணீர்ப் பூங்கா பேஸ்புக் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள், என்ன போடுவது?

ரப்பர்கொட்டை:
வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். டவுனைத் தாண்டி, முன்பு பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற இடத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது, பெயர் வேண்டாம். மூன்று சறுக்கு, ஒரு அலைக்குளம் (அலை வாரத்தில் நாலு நாள் வந்தால் அதிர்ஷ்டம்), ஒரு கேண்டீன். நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். போன வாரம் தவுக்கே (எங்கள் முதலாளி) ஒரு பழைய போனை நீட்டி, "நீதான் எப்பவும் போனையே பாத்துக்கிட்டு இருக்கியே, இனிமே பேஜையும் நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்பளம் ஏறவில்லை, அது வேறு கதை.

திறந்து பார்த்தால் மூன்று வருடமாகப் பெருநாள் வாழ்த்து மட்டும்தான். தீபாவளி வாழ்த்தில் புள்ளி எல்லாம் எழுத்தை விட்டு இறங்கித் தனியாக நிற்கிறது, தமிழ் தெரியாத யாரோ செய்த வேலை. அதற்குக் கீழே ஆட்கள் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்குத் திறந்திருக்கிறதா, சோறு கட்டிக்கொண்டு வரலாமா, டிக்கெட் எத்தனை வெள்ளி என்று. ஒருத்தருக்கும் பதில் போகவில்லை.

பெரிய பூங்காக்காரர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? கெந்திங், சன்வே லகூன் பக்கங்களைப் பார்த்தேன், டிரோன் வீடியோ கண்ணைப் பறிக்கிறது. எங்களிடம் டிரோன் இல்லை, இருந்தாலும் மேலிருந்து பார்த்தால் செம்பனைதான் தெரியும். தம்புனில் லாஸ்ட் வேர்ல்ட் மாதிரி பெரிய பூங்காவை வைத்துக்கொண்டு எங்களிடம் யார் வரப்போகிறார்கள் என்றும் தோன்றுகிறது.

லயத்து மாப்பிள்ளை:
தம்பி, டிரோனை விடு லா. நான் கோலாலம்பூரில் விளம்பர வேலையில் இருக்கிறேன், டிரோன் வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டு எல்லாரும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

தென்கொரியாவில் எவர்லேண்ட் என்று ஒரு பூங்கா. 2020 ஜூலையில் அங்கே ஃபூ பாவ் என்ற பாண்டா குட்டி பிறந்தது. கொரோனா காலம், ஆட்கள் முன்னே மாதிரி வர முடியாத நேரம். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், குட்டி வளர்வதை யூடியூபில் விடாமல் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பராமரிப்பவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அது தொங்குகிற வீடியோவை நீயே பார்த்திருப்பாய். அந்தப் பராமரிப்பாளரை ஊரே தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. 2024 ஏப்ரலில் ஃபூ பாவைச் சீனாவுக்கு அனுப்பியபோது மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நின்று அழுதார்கள். பிறந்தது முதல் போனில் பார்த்து வளர்த்த பிள்ளை, அழாமல் என்ன செய்வார்கள்?

பாண்டாவுக்கு எங்கே போவது என்று கேட்பாய். அதே பூங்காவில் அமேசான் எக்ஸ்பிரஸ் என்று ஒரு படகுச் சவாரி, ஆளை நனைத்துத்தான் அனுப்பும். தலை நனையும், துணி நனையும் என்கிற வழக்கமான அறிவிப்பை ஒரு பெண் ஊழியர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ராப் மாதிரி கடகடவென்று சொல்லி ஆடினார். 2022இல் அந்த வீடியோ கொரியா முழுக்கப் பரவியது. இதற்கு டிரோனும் வேண்டாம், பாண்டாவும் வேண்டாம். உங்கள் லைஃப்கார்டு யாராவது பிள்ளைகளைக் குளத்திலிருந்து கரையேற்ற விசித்திரமாகக் கத்துகிறாரா? அவரை எடு. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு எடு.

டீச்சரக்கா:
நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருக்கிறேன், வருடா வருடம் சுற்றுலா என் பொறுப்பு. மாப்பிள்ளை சொல்வதெல்லாம் சரி, ஆனால் பஸ் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு ராப் வேண்டாம், பதில் வேண்டும். ஒருமுறை இரண்டு பஸ் பேசி, பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஓர் இடத்துக்குப் போனோம். எது என்று சொல்லமாட்டேன். பெரிய குளம் கழுவுவதற்காக மூடிக்கிடந்தது. அவர்கள் பேஸ்புக் பக்கத்தில் அன்றைக்குக் காலையில்தான் "வாருங்கள், கொண்டாடுவோம்" என்று பலூன் படம் போட்டிருந்தார்கள்! பிள்ளைகள் முட்டி அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கொண்டுபோன நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இன்றைக்கும் எந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் அதை எடுக்காமல் விடுவதில்லை.

தோட்டப்புறத்தில் எந்த முடிவும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் நடக்கும் தம்பி. உன் பக்கத்தில் போடுவதை யாராவது அங்கே தூக்கிப் போடுவார்கள், அதனால் ஒரு படத்திலேயே விலை, மைகாட் (மலேசிய அடையாள அட்டை) வைத்திருப்பவருக்கு என்ன விலைக்கழிவு, பஸ் நிறுத்த இடம், உடை மாற்றும் அறை, வெளிச்சாப்பாடு உண்டா இல்லையா, எல்லாம் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பாட்டிமார்களும் படிக்கிறார்கள்.

இன்னொன்று. குளிக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடாதே. இதில் சமரசமே கிடையாது.

கிந்தா ஆற்றோரம்:
டீச்சர் சொன்னதோடு சேர்த்துக்கொள். பினாங்கு தெலுக் பாஹாங்கில் எஸ்கேப் பூங்காவில் 1,111 மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்ணீர்ச் சறுக்கு, கின்னஸ் சாதனை. அந்த நாலு ஒன்றையும் வைத்தே அவர்களுக்குப் பாதி விளம்பரம் ஓடிவிடுகிறது, ஏறிவிட்டு வந்தவன் தானாகவே எழுதுகிறான். உங்களிடம் சாதனை இல்லை என்றாலும் ஊர்க்காரன் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும், அதைத் தேடு. ஆனால் லைக்கை நம்பி முதலாளிக்குக் கணக்குக் காட்டாதே. நம் ஈப்போவிலேயே 2017இல் அவ்வளவு ஆரவாரமாகத் திறந்த அனிமேஷன் பூங்கா 2020 ஜனவரியில் மூடிவிட்டது, நாமெல்லாம் பார்த்தோம்தானே.

அப்புறம், போலிப் பக்கம். பூங்கா பெயரில் பக்கம் திறந்து "பாதி விலை டிக்கெட்" என்று போட்டு, யாரோ தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வார்கள். டிக்கெட்டை எங்கே விற்கிறீர்கள், எங்கே விற்கவில்லை என்று பக்கத்தின் உச்சியிலேயே எழுதி ஒட்டிவை. ஏமாந்தவன் உன் கவுண்டருக்குத்தான் சண்டைக்கு வருவான்.

ரப்பர்கொட்டை:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை முயற்சி செய்து பார்த்தேன். முதலில் பழைய கேள்விகளுக்கெல்லாம் பதில் போட்டேன், அதில் ஒரு கேள்வி இரண்டு வருடத்துக்கு முந்தையது, கேட்ட அக்கா "பிள்ளை வளர்ந்துடுச்சு தம்பி" என்று எழுதினார். அப்புறம் காலை பத்து மணிக்கு வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, "மூன்று சறுக்கும் ஓடுகிறது. அலை இன்று இல்லை, மோட்டார் பழுது. மழை இன்னும் வரவில்லை" என்று போட்டேன். தவுக்கே பார்த்துவிட்டுக் குதித்தார், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சரக்கு இல்லை என்று எவனாவது சொல்வானா என்று. மத்தியானம் ஒரு குடும்பம் மூன்று காரில் வந்தது. உண்மையைச் சொன்னதால்தான் வந்தோம், எங்களுக்குச் சறுக்கு போதும் என்றார்கள். அதைத் தவுக்கே காதில் விழுகிற மாதிரி அவர்களையே இன்னொருமுறை சொல்லவைத்தேன்.

இப்போது வேறு தலைவலி. கொரியா கதையைத் தெரியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். தான் எப்போது வீடியோவில் ஆடுவது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

டீச்சரக்கா:
முதலில் அந்த அலை மோட்டாரைச் சரிபண்ணச் சொல். அப்புறம் அதன் பக்கத்தில் நின்று ஆடட்டும், நீ எடுத்துப் போடு.